எக்லிப்ஸில் ஓடும் செயலி டொம்கட்டில் தடுமாறுகிறது: ஜாவா 21க்கும் ஜாவா 11க்கும் இடையிலான முரண்பாடு

கேள்வி
எழுதியவர்: காலிவீதி

வணக்கம்.

வெள்ளவத்தையில் ஐந்து பேர் கொண்ட ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் நிரலாளராகப் பணிபுரிகிறேன். காப்புறுதி நிறுவனம் ஒன்றுக்காக, கிளைகளில் வாடிக்கையாளர் விவரங்களைப் பதிந்து, மும்மொழியிலும் சான்றிதழ் அச்சிடும் இணையச் செயலி ஒன்றை நாங்கள் நான்கு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறோம். சேவையகம் அவர்களுடைய தரவு நிலையத்தில் இருக்கிறது. அதில் உபுண்டு இயங்குதளமும், ஜாவா இணையச் செயலிகளை ஓட்டும் டொம்கட் 9உம், ஜாவா 11உம் நிறுவப்பட்டுள்ளன. அங்கே எதை மாற்றுவதானாலும் அவர்களுடைய கணக்காய்வுப் பிரிவின் எழுத்துமூல அனுமதி வேண்டும் என்பதால், ஜாவாவின் பதிப்பை இந்த ஆண்டில் உயர்த்த முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

கடந்த மாதம் எங்களுக்குப் புதிய மடிக்கணினிகள் வந்தன. அவற்றில் நிரல் எழுதும் கருவியான எக்லிப்ஸின் அண்மைப் பதிப்பை நிறுவினோம். அது ஜாவா 21ஐத் தன்னுடனேயே கொண்டு வந்தமையால், தனியாக ஜேடிகே (ஜாவாவின் முழு உருவாக்கத் தொகுதி) எதையும் நாங்கள் நிறுவவில்லை. பழைய திட்டத்தை உள்ளே கொண்டுவந்ததும் எல்லாம் வழமைபோலவே ஓடின. போயா விடுமுறைக்கு முந்தைய இரவு, எக்லிப்ஸிலிருந்தே வார் கோப்பை (செயலி முழுவதையும் பொதிந்த கோப்பு) ஏற்றுமதி செய்து சேவையகத்தில் வைத்தபோது செயலி எழும்பவே இல்லை. கிளாஸ் கோப்பின், அதாவது தொகுக்கப்பட்ட நிரலின், பதிப்பு 65.0 என்றும், இந்த இயக்கச்சூழல் 55.0 வரையே அறியும் என்றும் பதிவுக்கோப்பில் பிழை இருந்தது.

தேடிப் பார்த்து, எக்லிப்ஸின் தொகுப்பி (நிரலைக் கிளாஸ் கோப்பாக மாற்றும் கருவி) அமைப்பில் இணக்க மட்டத்தை 11 ஆக மாற்றினேன். செயலி எழும்பியது. ஆனால் அடுத்த வேலைநாள் காலையில், கிளை ஒன்றில் புதுப்பித்தல் பட்டியலைத் திறந்தவுடன் வெற்றுப் பக்கம் வந்தது. ஜாவா நூலகத்தின் ஸ்ட்ரீமில் டூலிஸ்ட் என்ற மெதட்டே (பெயர் சொல்லி அழைக்கும் செயற்கூறு) இல்லை என்று பதிவுக்கோப்பு சொன்னது. அந்தப் பக்கத்தைத் திருத்தி முடிப்பதற்குள் மூன்றாவது முறைப்பாடு வந்தது. அதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. தமிழிலும் சிங்களத்திலும் உள்ள பெயர்கள் சான்றிதழில் கேள்விக்குறிகளாக அச்சாகின்றன. ஆங்கிலத்தில் உள்ள பெயர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. பணம் கட்டிய ஒருவர், தன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கும் ஒரு தாளைக் கையில் வாங்கக்கூடாது.

இணக்க மட்டம் 11 என்று அமைத்த பிறகும் 11இல் இல்லாத மெதட் எவ்வாறு உள்ளே நுழைந்தது? பெயர்கள் சிதைவதற்கும் ஜாவாவின் பதிப்புக்கும் தொடர்பு உண்டா, அல்லது அது தரவுத்தளத்தின் கோளாறா? சேவையகத்தைத் தொட முடியாத நிலையில், புதிய கருவிகளையும் கைவிடாமல், இனி இவ்வாறு நடக்காதிருக்க என்ன ஒழுங்கு செய்யலாம்?


மறுமொழி
எழுதியவர்: பழைய தொகுப்பி

வணக்கம் நண்பரே. உங்களுக்கு நேர்ந்தவை மூன்றும் ஒரே காரணத்திலிருந்து வந்தவை. ஆனால் மூன்றும் மூன்று வெவ்வேறு அடுக்குகளில் நிகழ்ந்தவை. முதலாவதைத் தீர்த்த மருந்து இரண்டாவதைத் தீர்க்காது, இரண்டாவதைத் தீர்ப்பது மூன்றாவதைத் தொடவே தொடாது. நான் முதல் இரண்டையும் பற்றி எழுதுகிறேன்.

ஒவ்வொரு கிளாஸ் கோப்பின் தொடக்கத்திலும் அது ஜாவாக் கோப்பு என்பதற்கு அடையாளமாக நான்கு பைட்டுகள் உள்ளன. அவற்றை அடுத்து சிறு பதிப்பெண்ணுக்கு இரண்டு பைட்டும், பெரும் பதிப்பெண்ணுக்கு இரண்டு பைட்டும் வருகின்றன. ஜாவா 8க்கு 52, 11க்கு 55, 17க்கு 61, 21க்கு 65 என்பது பெரும் பதிப்பெண். ஜாவாவின் பதிப்போடு 44ஐக் கூட்டினால் அந்த எண் கிடைத்துவிடும். இயக்கச்சூழல் கோப்பை ஏற்றும்போது முதலில் இந்த எண்ணைப் பார்க்கிறது, தன்னுடையதைவிடப் பெரிதாயின் மேற்கொண்டு வாசிக்காமல் மறுத்துவிடுகிறது. இது நல்ல பிழை. உடனே தெரிகிறது, எண்ணையும் சொல்கிறது, எவருடைய தரவையும் கெடுப்பதில்லை.

நீங்கள் இணக்க மட்டத்தை மாற்றியபோது இரண்டு விடயங்கள் மட்டுமே மாறின: ஜாவா 11இன் மொழி இலக்கணத்துக்கு உட்பட்டு எழுதவேண்டும் என்ற கட்டுப்பாடும், கிளாஸ் கோப்பில் 55 என்று பொறிக்க வேண்டும் என்ற கட்டளையும். நீங்கள் அழைக்கும் மெதட்டுகள் உண்மையில் உள்ளனவா என்று தொகுப்பி எந்த நூலகத்தைப் பார்த்துச் சரிபார்க்கிறது என்பது மாறவில்லை. உங்கள் மடிக்கணினியில் இருந்த ஒரே ஜாவா 21 என்பதால், அது 21இன் நூலகத்தையே பார்த்தது. டூலிஸ்ட் ஜாவா 16இல் சேர்க்கப்பட்ட மெதட். தொகுப்பியின் கண்ணுக்கு அது இருந்தது, சேவையகத்தில் அது இல்லை. மெதட்டுகளின் இணைப்பு, அந்த வரி முதன்முதலாக இயங்கும்போதுதான் தீர்மானிக்கப்படுகிறது என்பதால், செயலி எழும்பும்போது எதுவும் தெரியவில்லை; யாரோ ஒருவர் அந்தப் பக்கத்தைத் திறக்கும் வரை பிழை காத்திருந்தது.

புதிய மெதட்டுகளைக் கவனமாகத் தவிர்த்தால் போதும் என்று எண்ண வேண்டாம். ஜாவா 8 வரை, ஜாவா நூலக வகுப்பான பைட்பஃபரின் ஃபிளிப் மெதட், தாய் வகுப்பான பஃபரை விடையாகத் தந்தது. ஜாவா 9இல் அது பைட்பஃபரையே தருமாறு மாற்றப்பட்டது. கிளாஸ் கோப்பில் மெதட்டின் பெயரோடு விடையின் வகையும் பதியப்படுவதால், ஒரு எழுத்தும் மாறாத பழைய நிரலை ஜாவா 9 நூலகத்தைப் பார்த்துத் தொகுத்து ஜாவா 8இல் ஓட்டியவர்கள், பல ஆண்டுகளாக இருந்துவரும் ஃபிளிப் இல்லை என்ற பிழையைக் கண்டார்கள். நிரலை எத்தனை பேர் வாசித்தாலும் இதைக் கண்ணால் பிடிக்க முடியாது.

இதற்காகவே ஜாவா 9இல் ரிலீஸ் என்ற விருப்பத்தேர்வு சேர்க்கப்பட்டது. ஜெப் எனப்படும் ஜாவா மேம்பாட்டு முன்மொழிவுகளில் அதன் எண் 247. இலக்கணம், பதிப்பெண், நூலகம் ஆகிய மூன்றையும் அது ஒருசேரக் கட்டுகிறது. பழைய பதிப்புகளில் எந்தெந்த வகுப்பும் மெதட்டும் இருந்தன என்ற பட்டியல் ஜேடிகேயின் உள்ளேயே ஒரு கோப்பில் வருகிறது. ரிலீஸ் 11 என்று சொன்னால், தொகுப்பி 21ஆக இருந்தாலும் 11இன் பட்டியலையே பார்க்கும். டூலிஸ்ட் அப்போது உங்கள் மேசையிலேயே சிவப்புக் கோடாகியிருக்கும். அந்தப் பட்டியல் முழு ஜேடிகேயோடுதான் வருகிறது என்பதால், எக்லிப்ஸ் தனக்காகக் கொண்டுவந்த இயக்கச்சூழலை நம்பாமல் ஒரு ஜேடிகேயைத் தனியாக நிறுவுங்கள்.

எக்லிப்ஸைப் பற்றி மேலும் ஒன்று. 2022 செப்டெம்பர் பதிப்பில், அது தான் இயங்குவதற்கே ஜாவா 17 அல்லது அதற்கு மேல் கேட்கத் தொடங்கியது. அது கருவியின் தேவை. உங்கள் திட்டத்தின் தேவையன்று. இரண்டையும் பிரித்து வைப்பதற்கு அதில் வழி இருக்கிறது. திட்டத்தின் இயக்கச்சூழல் ஜாவா 11 என்று குறித்திருந்தும் 11 நிறுவப்படாதிருந்தால், அதற்குக் கண்டிப்பாகப் பொருந்தும் சூழல் எதுவும் இல்லை என்று மஞ்சள் நிறத்தில் ஓர் எச்சரிக்கை வரும். பழைய திட்டங்களில் நூற்றுக்கணக்கான மஞ்சள் எச்சரிக்கைகள் கிடப்பதால் எவரும் அதை வாசிப்பதில்லை. உங்கள் திட்டத்திலும் அது இருந்திருக்க வேண்டும். தயவுசெய்து தேடிப் பாருங்கள்.

எக்லிப்ஸிலிருந்து வார் கோப்பை ஏற்றுமதி செய்யும் வழக்கத்தை இன்றே நிறுத்திவிடுங்கள். எக்லிப்ஸ், ஜேடிகேயின் தொகுப்பியான ஜாவாசியைப் பயன்படுத்துவதில்லை. அதற்குச் சொந்தத் தொகுப்பி உண்டு. யாருடைய மடிக்கணினியில் என்ன அமைப்பு இருந்ததோ, அதன் விளைவுதான் வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்கிறது. கட்டமைப்புக் கருவியான மேவனின் பொம் கோப்பில் (திட்டத்தின் அமைப்புக் கோப்பு) மேவன் கொம்பைலர் ரிலீஸ் என்ற பண்பை 11 என்று ஒரே ஓர் இடத்தில் எழுதுங்கள். கொம்பைலர் செருகுநிரல் 3.6 அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்கவேண்டும். அதன் பிறகு எக்லிப்ஸில் திட்டத்தைப் புதுப்பித்தால், அது தன் அமைப்புகளைப் பொம் கோப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஐந்து பேரும் ஐந்து பெட்டிகளில் ஐந்து முறை எண்ணை மாற்ற வேண்டியதில்லை.


மறுமொழி
எழுதியவர்: இரவுக் காவல்

நான் நிரலாளன் அல்லன், சேவையகங்களைப் பராமரிப்பவன். மூன்றாவது சிக்கல் என் பக்கத்தைச் சேர்ந்தது என்பதால் அதைப் பற்றி எழுதுகிறேன்.

தரவுத்தளத்தைக் குறைசொல்வதற்கு முன் கேள்விக்குறிகளை எண்ணுங்கள். குமார் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு அது மூன்று எழுத்து. யூனிகோடில் ககரம், உகரக் குறி, மகரம், ஆகாரக் குறி, ரகரம், புள்ளி என்று ஆறு குறியீடுகள். சான்றிதழில் ஆறு கேள்விக்குறிகள் இருந்தால், பெயர் நினைவகத்தில் சரியாக இருந்து, கோப்பில் எழுதும்போதுதான் அழிந்திருக்கிறது. மூலம் பத்திரமாக இருக்கும். பதினெட்டு இருந்தால், யூடிஎப்-8 என்ற எழுத்துக்குறியாக்கத்தில் (எழுத்தைப் பைட்டாக மாற்றும் முறை) ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் ஆகையால், அந்தப் பைட்டுகளை உள்ளே வாசிக்கும்போதே தனித்தனியாகச் சிதைத்துவிட்டது என்று பொருள். அப்போது தரவுத்தளத்தில் கிடப்பதும் குப்பைதான், அதிலிருந்து பெயரை எந்த வித்தையாலும் மீட்க முடியாது. சிங்களத்துக்கும் இதே மூன்று பைட் கணக்குத்தான். இந்த எண்ணிக்கையை இன்றே எடுங்கள், ஏனெனில் இரண்டாவது நிலையாயின் ஒவ்வொரு மணித்தியாலமும் இழப்பு கூடிக்கொண்டே போகும்.

காரணம் இதுதான். 2022 மார்ச்சில் வந்த ஜாவா 18 முதல், ஜெப் 400இன்படி, எழுத்துக்குறியாக்கம் எதையும் குறிப்பிடாவிட்டால் எல்லா இயங்குதளங்களிலும் யூடிஎப்-8 என்றே ஜாவா எடுத்துக்கொள்கிறது. அதற்கு முந்தைய பதிப்புகள் இயங்குதளத்தின் மொழிச்சூழலைக் கேட்டுத் தீர்மானித்தன. லினக்ஸில் அந்தச் சேவைக்கு மொழிச்சூழல் எதுவும் கொடுக்கப்படாமல் வெறும் சி என்று இருந்தால், ஜாவா 11 அதை ஆங்கில எழுத்துகளுக்கான அமெரிக்க ஆஸ்கி குறியாக்கம் என்று எடுத்துக்கொள்ளும். அதில் 128 குறிகளுக்கு மேல் இடமில்லை. உங்கள் நண்பர் ஒருவர் புதிய மடிக்கணினியில் கோப்பு வாசிக்கும் நிரலைக் குறியாக்கம் குறிப்பிடாமல் எழுதியிருப்பார். அவருக்கு அது சரியாகவே ஓடியிருக்கும், அவர்மீது குற்றமில்லை. இங்கே தொகுப்பிக்கும் பிழையில்லை, பதிப்பெண்ணும் சரி, மெதட்டும் 11இல் உள்ளதே. ஒரே பெயருள்ள ஒரே மெதட் இரண்டு பதிப்புகளில் இரண்டு விதமாக நடந்துகொள்கிறது. முந்தைய மறுமொழியில் சொல்லப்பட்ட ரிலீஸ் விருப்பத்தேர்வு இதைக் காட்டிக்கொடுக்காது.

உடனடித் தீர்வாக, டொம்கட்டின் தொடக்க அமைப்புகளை எழுதும் செட்என்வி கோப்பில் ஃபைல் என்கோடிங் பண்பை யூடிஎப்-8 என்று கொடுக்கலாம். அது சேவையகத்தில் செய்யும் மாற்றம் என்பதால் உங்கள் வாடிக்கையாளரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். நிரந்தரத் தீர்வு நிரலில்தான் இருக்கிறது: கோப்பை வாசிக்கும், எழுதும், எழுத்தைப் பைட்டாக மாற்றும் ஒவ்வோர் இடத்திலும் குறியாக்கத்தைப் பெயர் சொல்லிக் கொடுங்கள். கிளைகள் எக்செலில் சேமித்து அனுப்பும் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்புகளாயின், யூடிஎப்-8 கோப்பின் தொடக்கத்தில் எக்செல் வைக்கும் கண்ணுக்குத் தெரியாத அடையாளக் குறியை ஜாவா தானாக நீக்காது. முதல் நெடுவரிசையின் தலைப்பு ஒப்பீட்டில் பொருந்தாமல் போவதற்கு அது காரணமாகலாம்.

இன்னொன்றையும் சரிபார்க்கச் சொல்வேன். சேவையகத்தில் ஜாவா 11 இருக்கிறது என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? ஒரு முனையத்தைத் திறந்து ஜாவாவின் பதிப்பைக் கேட்டால், அந்த முனையத்தின் ஜாவாவைத்தான் அது சொல்லும். டொம்கட் பயன்படுத்துவதும் அதுவாகவே இருக்கவேண்டியதில்லை. டொம்கட்டின் தொடக்க நிரல் முதலில், ஜாவாவின் இருப்பிடத்தைச் சொல்லும் ஜேஆர்ஈ ஹோம் என்ற மாறியைப் பார்க்கிறது, அது இல்லாவிட்டால்தான் ஜாவா ஹோமுக்குப் போகிறது. எப்போதோ ஒருவர் எழுதிவைத்துப்போன ஜேஆர்ஈ ஹோம் ஒன்று கிடந்தமையால், ஜாவா ஹோமை மாற்றி மாற்றி இரவு இரண்டு மணிவரை விழித்திருந்த அனுபவம் எனக்கு உண்டு. லினக்ஸின் சேவை மேலாளரான சிஸ்டம்டி வழியாகத் தொடங்கும் சேவை, பயனரின் பாஷ் அமைப்புக் கோப்பில் எழுதியதை வாசிப்பதுமில்லை. உறுதியான சான்று டொம்கட்டின் சொந்தப் பதிவுக்கோப்பில் இருக்கிறது. ஒவ்வொரு முறை எழும்பும்போதும் ஜாவா எந்தக் கோப்புறையிலிருந்து வந்தது, அதன் பதிப்பு என்ன என்று அது எழுதிவைக்கும். அந்த இரண்டு வரிகளையும் வாடிக்கையாளரிடமிருந்து கேட்டு வாங்கி உங்கள் திட்டக் கோப்போடு வைத்துக்கொள்ளுங்கள்.


மறுமொழி
எழுதியவர்: மருதானைச் சந்தி

மேலே எழுதிய இருவரும் உங்கள் சொந்த நிரலைப் பற்றியே சொன்னார்கள். வார் கோப்பின் உள்ளே உங்களுடைய நிரல் சிறு பகுதி. மீதி எல்லாம் பிறர் தொகுத்த நூலகங்களான ஜார் கோப்புகள். ரிலீஸ் 11 என்று நீங்கள் எழுதுவது அவற்றைக் கட்டுப்படுத்தாது. ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா நூலகத்தின் 3ஆம் பதிப்பு, 2022 நவம்பரில் வந்ததிலிருந்து ஜாவா 17ஐக் கட்டாயமாகக் கேட்கிறது. ஒருவர் பாதுகாப்புத் திருத்தம் என்று நல்லெண்ணத்தோடு நூலகத்தின் எண்ணை உயர்த்தினால், 61 என்ற பதிப்பெண் உங்களுக்குத் தெரியாமலேயே உள்ளே வந்துவிடும். மேவனின் என்ஃபோர்சர் செருகுநிரலுக்கான கூடுதல் விதிகளில், சார்ந்துள்ள ஜார்களின் பைட்கோடு எந்தப் பதிப்பைத் தாண்டக்கூடாது என்று வரையறுக்கும் விதி ஒன்று இருக்கிறது. அதில் 11 என்று எழுதிவிட்டால், தாண்டிய ஜார் எதுவென்று பெயர் சொல்லிக் கட்டமைப்பை நிறுத்திவிடும்.

டொம்கட்டின் பதிப்பையும் இதே கவனத்தோடு பாருங்கள். டொம்கட் 9 வரை சேர்வ்லட் (இணையக் கோரிக்கைக்கு விடை தரும் நிரல்) வகுப்புகள் ஜாவாக்ஸ் என்ற பெயர்வெளியில் இருந்தன, டொம்கட் 10 முதல் அவை ஜக்கார்த்தா என்ற பெயர்வெளிக்கு மாறிவிட்டன. மடிக்கணினியில் டொம்கட் 10ஐ வைத்து, ஜக்கார்த்தா பெயரில் ஒரு புதிய சேர்வ்லட்டை எழுதி, அதை டொம்கட் 9இல் வைத்தால், பெரும்பாலும் பிழைகூட வராது. டொம்கட் 9 அந்தக் குறிப்பை அடையாளம் காணாமல் கடந்து போய்விடும். உங்களுக்குக் கிடைப்பது, பக்கம் இல்லை என்று சொல்லும் 404 மட்டுமே. பிழைச்செய்தி இல்லாத பிழையைத் தேடுவதற்கு நான் ஒரு முழு வாரத்தைச் செலவிட்டிருக்கிறேன்.

வாடிக்கையாளரிடம் பதிப்பை உயர்த்தச் சொல்வதைப் பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். 2018 செப்டெம்பரில் வந்த ஒரு பதிப்பில் என்றென்றும் தங்கியிருக்க முடியாது. டொம்கட் 9 ஜாவா 8இலும் அதற்குப் பிந்தியவற்றிலும் ஓடும் என்பதால், டொம்கட்டை மாற்றாமல் ஜாவாவை மட்டும் 17க்கு உயர்த்துவது இயலும். ஒரே இயந்திரத்தில் தனித்தனி அடிக்கோப்புறையும் தனித்தனிச் செட்என்வி கோப்பும் வைத்து, ஒரு டொம்கட்டை 11இலும் இன்னொன்றை 17இலும் ஓட்டலாம். அப்போது அவர்களுடைய மற்றச் செயலிகள் எவையும் தொடப்படமாட்டா. ஆனால் இதைப் பிழைக்கு மருந்தாகக் கேட்காதீர்கள். ஜாவா 17இல் உள் வகுப்புகளைப் பின்கதவால் தொடும் வழி ஜெப் 403இன்படி அடைக்கப்பட்டுவிட்டது, பழைய நூலகங்கள் சில அதிலே விழும். உயர்வு என்பது தனியாகத் திட்டமிட்டு, தனியாகச் சோதித்துச் செய்யவேண்டிய வேலை.


மறுமொழி
எழுதியவர்: காலிவீதி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு நாட்களாக நீங்கள் சொன்னவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன்.

கேள்விக்குறிகளை எண்ணினேன். ஏற்கெனவே பதிவிலிருந்த வாடிக்கையாளர்களின் சான்றிதழ்களில் குமார் என்ற பெயருக்கு ஆறு இருந்தன. அந்தப் பெயர்கள் தரவுத்தளத்தில் பழுதின்றி இருக்கின்றன. ஆனால் இந்த மாதம் சிஎஸ்வி கோப்பு வழியாக ஏற்றப்பட்ட புதிய பெயர்களுக்குப் பதினெட்டு இருந்தன. புதிதாக எழுதிய பகுதி உள்ளே வாசிக்கும்போதும் வெளியே எழுதும்போதும் குறியாக்கத்தைக் குறிப்பிடவில்லை. இரண்டு கிளைகளின் மூன்று நாள் பதிவுகள் அவ்வாறு சிதைந்துள்ளன. கிளைகள் மின்னஞ்சலில் அனுப்பிய மூலக்கோப்புகள் எங்களிடம் இருப்பதால் மீண்டும் ஏற்ற முடியும் என்பது பெரும் ஆறுதல்.

பொம் கோப்பில் ரிலீஸ் 11 என்று எழுதியவுடன், டூலிஸ்ட் மேலும் நான்கு இடங்களில் இருப்பது தெரிந்தது. அவற்றை எந்தக் கிளையும் இன்னும் திறக்கவில்லை. என்ஃபோர்சர் விதி ஒரு ஜார் கோப்பையும் பிடித்துக்கொடுத்தது. அறிக்கை தயாரிப்பதற்காகச் சேர்த்த, எங்கும் பயன்படாத ஒன்று, அதை நீக்கிவிட்டோம். மஞ்சள் எச்சரிக்கையும் நீங்கள் சொன்னபடியே இருந்தது.

ஒன்று மட்டும் புரியவில்லை. எங்களிடம் அலகுச் சோதனைகள் இருக்கின்றன. சிஎஸ்வி வாசிப்புக்கும் சோதனை எழுதப்பட்டிருந்தது, அதில் தமிழ்ப் பெயரும் இருந்தது. எல்லாம் தேறிப் பச்சையாகவே நின்றன. சோதனைகளைச் சேவையகத்தின் ஜாவாவிலேயே ஓட்டச் செய்ய முடியுமா?


மறுமொழி
எழுதியவர்: பழைய தொகுப்பி

முடியும், அதைச் செய்யத்தான் வேண்டும். மேவன் எந்த ஜாவாவில் ஓடுகிறதோ, சோதனைகளையும் இயல்பாக அதே ஜாவாவில்தான் ஓட்டும். உங்கள் கிளாஸ் கோப்புகளில் 55 என்று பொறித்திருந்தாலும், சோதனையின்போது அவை ஓடியது 21இன்மீது. 21இல் டூலிஸ்டும் இருக்கிறது, யூடிஎப்-8உம் இயல்பாக இருக்கிறது. ஆகவே அந்தச் சோதனை எதையும் கண்டிருக்க முடியாது.

ஜேடிகே 11ஐயும் மடிக்கணினியில் நிறுவி, மேவனின் டூல்செயின் கோப்பில் அதன் இருப்பிடத்தை எழுதி, பொம் கோப்பில் 11 வேண்டும் என்று கேளுங்கள். அப்போது மேவன் 21இல் ஓடினாலும், தொகுப்பதும் சோதிப்பதும் 11இல் நடக்கும். எக்லிப்ஸ் தன் 21இல் நிம்மதியாக இருக்கலாம். அதற்கு அடுத்த படியாக, எவருடைய மடிக்கணினியையும் சாராத ஒரு கட்டமைப்பு இயந்திரத்தில், டொக்கர் கொள்கலனின் (தனித்த சூழலில் ஓடும் பெட்டி) உள்ளே ஜாவா 11உம் டொம்கட் 9உம் வைத்து, வார் கோப்பை அங்கே மட்டுமே உருவாக்குங்கள். அந்தக் கொள்கலனில் மொழிச்சூழலை வேண்டுமென்றே சி என்று வையுங்கள். பலர் அதை யூடிஎப்-8 என்று அமைத்துவிடுவதால், சேவையகத்தில் வரப்போகும் பிழை சோதனையில் மறைந்துவிடுகிறது. 21இலேயே இதைப் பார்க்க விரும்பினால், ஃபைல் என்கோடிங் பண்புக்குக் கொம்பெட் என்ற மதிப்பைக் கொடுத்தால் பழைய நடத்தை திரும்ப வரும். ஜெப் 400ஐ எழுதியவர்களே இந்த வழியை விட்டுவைத்திருக்கிறார்கள்.


மறுமொழி
எழுதியவர்: இரவுக் காவல்

மீண்டும் ஏற்றுவதற்கு முன் ஒரு வேண்டுகோள். சிதைந்த பதிவுகளைப் பெயரை வைத்துத் தேடி அழிக்காதீர்கள். ஒரே நீளமுள்ள இரண்டு பெயர்கள் இப்போது ஒரே மாதிரியாகவே தெரியும். காப்புறுதி இலக்கத்தையோ அடையாள அட்டை இலக்கத்தையோ வைத்துப் பொருத்துங்கள், அவை எண்களும் ஆங்கில எழுத்துகளுமே ஆகையால் சிதைந்திருக்கமாட்டா. அச்சிட்டுக் கொடுத்த சான்றிதழ்களின் பட்டியலையும் கிளைகளிடம் கேளுங்கள்.


மறுமொழி
எழுதியவர்: காலிவீதி

அப்படியே செய்தோம். டூல்செயினில் 11ஐக் கொடுத்து, மொழிச்சூழலைச் சி என்று வைத்து ஓட்டியபோது, அதுவரை பச்சையாக நின்ற சிஎஸ்வி சோதனை முதன்முறையாகச் சிவப்பானது. குறியாக்கத்தைப் பெயர் சொல்லிக் கொடுத்த பின் மீண்டும் பச்சையானது. சோதனைத் தரவில் இப்போது சிங்களப் பெயர்களையும் சேர்த்திருக்கிறோம்.

பதிவுகளை அடையாள அட்டை இலக்கத்தால் பொருத்தி நேற்றிரவு மீண்டும் ஏற்றினோம். இன்று காலை இரண்டு கிளைகளிலும் பெயர்கள் சரியாக வருகின்றன என்று உறுதிப்படுத்தினார்கள். கேள்விக்குறிகளோடு வெளியே போன சான்றிதழ்களைப் புதிதாக அச்சிட்டு, உரியவர்களின் வீட்டு முகவரிக்குத் தபாலில் அனுப்ப வாடிக்கையாளர் நிறுவனம் ஒப்புக்கொண்டுள்ளது. டொம்கட்டின் பதிவுக்கோப்பிலிருந்து அந்த இரண்டு வரிகளையும் கேட்டிருக்கிறேன். இன்னும் வரவில்லை, வந்ததும் இங்கே எழுதுகிறேன்.